அவன் மௌனத்துக்குப் பெயர் ஆண்மையா, பசியா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பள்ளிக் காலத்திலிருந்தே மல்யுத்தம்தான் அவனுக்கு எல்லாம். இப்போது கல்லூரி அணியில் இருக்கிறான். கோடையில் 152 பவுண்டு இருந்தவன் 141 பவுண்டுப் பிரிவில் ஆடுவதற்காக எடையைக் குறைத்தான். நவம்பரில் அணிக்குள் நடந்த தேர்வுப் போட்டியில் மூத்த மாணவன் ஒருவனிடம் தோற்றான். அன்றிரவு வீட்டுக்கு வந்தவன் காரைவிட்டு இறங்காமல் அழுதுகொண்டிருந்ததை என் மனைவி பார்த்துச் சொன்னாள். நான் போய், "ஆம்பளைப் பையன் இதுக்கெல்லாம் அழலாமா?" என்று கேட்டேன். அன்று முதல் என்னோடு பேச்சே இல்லை. தேங்ஸ்கிவிங் விடுமுறையில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஒரு பாட்டிலில் எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தான். இப்போது 133 பவுண்டுப் பிரிவுக்கு இறங்கப் போவதாகச் சொல்கிறான். இடது காது வீங்கியிருக்கிறது. உண்மையைச் சொன்னால், அதைப் பார்த்து எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இந்த விளையாட்டு அவனை ஆளாக்குகிறதா, உடைக்கிறதா? விட்டுவிடச் சொல்லலாமா? அவன் கல்லூரிப் போட்டி எதையும் நான் நேரில் பார்த்ததில்லை. பார்க்க மனம் துணியவில்லை. பள்ளியில் படிக்கும் என் மகளும் மல்யுத்தத்தில் சேர வேண்டும் என்கிறாள். அது ஆண்கள் விளையாட்டு என்று மறுத்துவிட்டேன்.

அன்புள்ள ஐயா,

தங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி, வீங்கிய காதைக் கண்டு பெருமைப்பட்டதாகத் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிய வரிதான். கல்லூரி விளையாட்டு வீரர்களுக்கு உளவியல் ஆலோசனை வழங்கும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இதை ஒப்புக்கொண்ட பெற்றோரை நான் அதிகம் கண்டதில்லை. மகன் வலிப்படுவதைக் காணப் பொறுக்காத மனமும், அந்த வலி அவனை ஆளாக்கிவிடும் என்று நம்ப விரும்பும் மனமும் ஒரே தந்தைக்குள் இருப்பது இயல்பே. ஆனால் காருக்கு அருகே நின்று தாங்கள் பேசியபோது, இரண்டாவது மனத்தின் குரல் மட்டுமே அவன் காதில் விழுந்திருக்கிறது.

ஆக்குகிறதா, உடைக்கிறதா என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் 133 என்ற எண்ணைப் பேசியாக வேண்டும், ஏனெனில் அதைத் தள்ளிப்போட முடியாது.

1997ஆம் ஆண்டு நவம்பர் 7 முதல் டிசம்பர் 9 வரையான ஐந்து வாரங்களுக்குள், வட கரோலினா, விஸ்கான்சின், மிச்சிகன் ஆகிய மூன்று மாநிலங்களில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடையைக் குறைக்கும் முயற்சியிலேயே உயிரிழந்தார்கள். அவர்களுக்கு வயது 19, 22, 21. மூவரும் செய்தது ஒன்றேதான்: வியர்வை ஆவியாகி வெளியேற முடியாத உடையை அணிந்துகொண்டு, வெப்பமூட்டப்பட்ட இடத்தில், தண்ணீர் குடிக்காமல் கடுமையாக உடற்பயிற்சி செய்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது அந்நாளில் வழக்கத்துக்கு மாறான துணிச்சல் அன்று. பல அணிகளின் பயிற்சி அறைகளில் அது அன்றாடக் காட்சி. மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்த கலை. அந்த மரணங்களுக்குப் பிறகுதான் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு ரப்பர் உடைகளையும், சானா எனப்படும் வெப்ப அறைகளையும், உடல் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரைகளையும் தடைசெய்தது. எடை பார்க்கும் நேரத்தைப் போட்டிக்கு மிக அருகில் கொண்டுவந்தது. ஒவ்வொரு வீரரும் எந்த எடைக்குக் கீழே இறங்கக்கூடாது என்பதைப் போட்டிப் பருவத்தின் தொடக்கத்திலேயே அளந்து சான்றளிக்கும் முறையையும் கொண்டுவந்தது.

அந்தச் சான்று எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதைத் தாங்கள் தெரிந்துகொள்வது நல்லது. முதலில் சிறுநீரைச் சோதித்து, உடலில் போதிய நீர் இருப்பதை உறுதிசெய்கிறார்கள். பிறகு உடல் கொழுப்பை அளந்து, கொழுப்பு 5 சதவீதமாகக் குறைந்தால் எடை எவ்வளவு இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். ஆண்களைப் பொறுத்தவரை அதற்குக் கீழே அனுமதி இல்லை. தங்கள் மகனின் கொழுப்பு அளவு எனக்குத் தெரியாது. எடுத்துக்காட்டாக 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 152 பவுண்டில் கொழுப்பு நீங்கலாக இருப்பது ஏறத்தாழ 134 பவுண்டு. அதோடு 5 சதவீதக் கொழுப்பையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 141 வருகிறது. அதாவது, அத்தகைய உடலுக்கு 141 பவுண்டே தரைமட்டம். 133 என்பது தரையைத் தோண்டிக்கொண்டு கீழே போவதற்கு ஒப்பாகும். அனுமதிக்கப்பட்ட எடைக்குப் போவதிலும் வாரத்துக்கு உடல் எடையில் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் குறைக்கக்கூடாது என்ற வரம்பு உண்டு. 152 பவுண்டுக்காரர் 141க்கு வரக் கிட்டத்தட்ட ஐந்து வாரம் ஆக வேண்டும். எனவே தாங்கள் மகனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஏன் இப்படிச் செய்கிறாய்?" என்பதன்று, "உனக்குச் சான்றளிக்கப்பட்ட குறைந்தபட்ச எடை என்ன?" என்பதே. அது வெறும் எண் பற்றிய கேள்வி. மானம் அதில் சம்பந்தப்படாததால் அவன் பதில் சொல்லக்கூடும். பதில் 133க்கு மேல் இருந்தால், இந்தப் பருவத்தில் அந்தப் பிரிவில் ஆடவே அவனுக்கு அனுமதி கிடையாது. பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

விதி இருப்பதால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. போட்டிக்கு முந்தைய நாள் தண்ணீரை நிறுத்துவதும், இரண்டு மூன்று சட்டைகளைப் போட்டுக்கொண்டு ஓடுவதும், தாங்கள் கண்டதுபோல் பாட்டிலில் துப்புவதும் இன்றும் நடப்பவையே. துப்புவதால் குறைவது மிகச் சொற்பம். பசியோடு சும்மா உட்கார்ந்திருக்க முடியாத ஒருவனுக்கு, ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற ஆறுதலை அது தருகிறது, அவ்வளவே. அவன் தலைசுற்றி விழுந்தாலோ, சிறுநீர் அடர்ந்த பழுப்பு நிறத்தில் போனாலோ, வியர்ப்பது நின்று குழப்பமாகப் பேசினாலோ அது மருத்துவ அவசரநிலை. பயிற்சியாளரை அழைக்காமல் அவசர உதவி எண்ணான 911ஐ அழையுங்கள். எடை பார்த்து முடிந்ததும் அளவின்றி உண்பதும், உண்டதை வாந்தியெடுப்பதும், பேதி மாத்திரை எடுப்பதும் தெரியவந்தால் அதை ஒழுக்கக்கேடாகப் பார்க்காமல் நோயாகப் பாருங்கள். ஆண்களுக்கு உணவுக் கோளாறு வராது என்ற நம்பிக்கையால் அது பல வீரர்களிடம் ஆண்டுக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் இருந்துவிடுகிறது.

காதைப் பற்றி ஒரு சொல். அது வீரத் தழும்பு அன்று. தோலுக்கும் குருத்தெலும்புக்கும் இடையே தேங்கிய இரத்தம். சில நாட்களுக்குள் மருத்துவர் அதை வடித்து அழுத்திக் கட்டினால் காது பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். விட்டுவிட்டால் கட்டியாக இறுகி, அப்படியே நிலைத்துவிடும். இதை அறிந்தே சிலர் வடிக்காமல் விடுகிறார்கள். இந்த விளையாட்டில் கசங்கிய காது ஓர் உறுப்பினர் அட்டை போன்றது. தங்கள் மகன் வேண்டுமென்றே விட்டிருக்கிறானா, நேரமில்லாமல் விட்டானா என்பதை அவனிடம் கேட்டால், அவன் யாரைப் போல ஆக விரும்புகிறான் என்பது பற்றிய ஓர் உரையாடல்கூட அதிலிருந்து தொடங்கலாம்.

இப்போது மௌனத்துக்கு வருகிறேன். தாங்கள் அதைக் கோபம் என்று நினைக்கிறீர்கள். சிலர் அதை முதிர்ச்சி என்று சொல்லியிருப்பார்கள்: "பையன் இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை, பொறுப்பு வந்துவிட்டது." அதில் ஒரு பெரும்பங்கு வெறும் பசியாக இருக்கலாம் என்பது என் கருத்து. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை நடந்தது. உடல்நலமும் மனநலமும் நன்றாக இருந்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து, 24 வாரங்கள் வழக்கமான உணவில் ஏறக்குறைய பாதியை மட்டுமே உண்டார்கள். எடை குறைந்தது எதிர்பார்த்ததுதான். மனிதர்களே மாறிப்போனதுதான் ஆய்வாளர்களைத் திகைக்க வைத்தது. கலகலப்பாக இருந்தவர்கள் ஒதுங்கினார்கள். சிறு சொல்லுக்கும் எரிந்து விழுந்தார்கள். நாள் முழுவதும் உணவைப் பற்றியே நினைத்தார்கள். பெண்கள் மீதான நாட்டம்கூட அற்றுப்போனது. தங்களுக்கு என்ன நடக்கிறது என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தவர்களுக்கே இந்த நிலை. 19 வயதுப் பையன் ஒருவன் அரைவயிற்றோடு பாடம், பயிற்சி, பேருந்துப் பயணம் எல்லாவற்றையும் சமாளிக்கும்போது, தனக்குள் எழும் எரிச்சலையும் வெறுமையையும் தன் குணம் என்றே எடுத்துக்கொள்கிறான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பள்ளி மல்யுத்த வீரர்களை ஆராய்ந்தவர்கள், எடையைக் குறைக்கும் போட்டிப் பருவத்தில் அவர்களுடைய உடலில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் அளவு இறங்குவதையும், பருவம் முடிந்து வயிறார உண்ணத் தொடங்கிய பின் அது மீண்டும் ஏறுவதையும் கண்டிருக்கிறார்கள். ஆண்மையை நிரூபிக்கவென்று கிடக்கும் பட்டினி, உடலில் அதற்கான சுரப்பையே குறைத்துவிடுகிறது. இதை மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் முதலில் சிரிப்பார்கள். பிறகு சற்று நேரம் அமைதியாக இருப்பார்கள்.

ஆகவே பருவம் நடக்கும்போது அவன் நடந்துகொள்வதை வைத்து அவன் எப்படிப்பட்ட ஆளாகி வருகிறான் என்று முடிவுசெய்யாதீர்கள். மார்ச் மாதத்தில் பருவம் முடியும். அதன் பின் மூன்று நான்கு வாரங்கள் நன்றாக உண்டு உறங்கிய மகனைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். அப்போதும் அவன் யாரோடும் ஒட்டாமல், எதிலும் விருப்பமின்றி இருந்தால் அது பசியன்று. ஆலோசகர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தன்னை மாய்த்துக்கொள்வது பற்றி ஒரு சொல் உதிர்த்தாலும் மார்ச் வரை காத்திருக்க வேண்டாம். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988க்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம், பெற்றோரும் அழைக்கலாம்.

இனி அந்த இரவில் அவன் அழுததைப் பற்றி. அவன் எதற்கு அழுதான் என்பதைத் தாங்கள் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை என்று எண்ணுகிறேன். கல்லூரி மல்யுத்தத்தில் பத்து எடைப் பிரிவுகள் உண்டு. ஒரு பிரிவுக்கு ஒருவரே அணி சார்பில் களம் இறங்க முடியும். அதே பிரிவில் இன்னும் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். அவர்களுக்குள் நடக்கும் தேர்வுப் போட்டியைத்தான் ரெஸ்ல்-ஆஃப் என்கிறார்கள். வேறு கல்லூரிக்காரனிடம் தோற்றால் பேருந்தில் ஏறி அவனை மறந்துவிடலாம். ரெஸ்ல்-ஆஃபில் தோற்கடிப்பவனோ மறுநாள் காலை அதே அறையில், அதே மல்யுத்த விரிப்பில், அவனுக்குப் பயிற்சித் துணையாக எதிரே நிற்பான். சில வேளைகளில் அவனே அறைத்தோழனாகவும் இருப்பான். அவனை வெறுக்கவும் முடியாது. அவனை வலுவாக்குவதுதான் இனித் தன் வேலை என்பதையும் ஏற்க வேண்டும். நான் அறிந்தவரை, ஓர் இளைஞன் அந்த வயதில் சந்திக்கக்கூடிய மிகக் கடினமான உறவுப் பாடங்களுள் இதுவும் ஒன்று. அதற்காக அவன் காருக்குள் தனியாக உட்கார்ந்து அழுதது பலவீனம் அன்று. அறையில் எல்லோர் முன்னும் கைகுலுக்கி, முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டு வெளியேறிய ஒருவன், தன் வீட்டு வாசலுக்கு வந்த பிறகே உடைந்திருக்கிறான். உடையலாம் என்று அவன் நம்பிய இடம் அது.

இந்த விளையாட்டில் தோல்வியைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அமெரிக்க மல்யுத்த வீரர் டான் கேபிளின் கதையைச் சொல்வார்கள். பள்ளியிலும் கல்லூரியிலுமாக 181 போட்டிகளில் தோல்வியே காணாதவர், 1970இல் தம் கடைசிக் கல்லூரிப் போட்டியில், தேசிய இறுதிச் சுற்றில் லாரி ஓவிங்ஸ் என்பவரிடம் 13க்கு 11 என்ற புள்ளிக் கணக்கில் தோற்றார். இரண்டே ஆண்டுகளில், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில், எதிராளிகளுக்கு ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வென்றார். கதை உண்மை, ஆனால் அது சொல்லப்படும் விதத்தில் எனக்கு உடன்பாடில்லை. தோற்றால் இன்னும் கடுமையாக உழை, ஒலிம்பிக் காத்திருக்கிறது என்ற ஒரே பொருளில்தான் அதைச் சொல்கிறார்கள். பருவத்தின் முடிவில் 14 வெற்றி, 13 தோல்வி என்று நிற்கிற மிகப் பெரும்பாலானோருக்கு எந்த ஒலிம்பிக்கும் காத்திருக்கவில்லை. அவர்களுக்கு இந்த விளையாட்டு கொடுப்பது வேறொன்று. ஒரு போட்டி மொத்தம் ஏழு நிமிடம்: முதல் சுற்று மூன்று, அடுத்த இரண்டும் இரண்டிரண்டு. பந்து இல்லை, மட்டை இல்லை, பழிபோடத் துணையாட்டக்காரர் இல்லை. முடிந்ததும் நடுவர் வென்றவரின் கையை உயர்த்தும்போது தோற்றவரும் பக்கத்தில் நின்றாக வேண்டும். பிறகு எதிரணிப் பயிற்சியாளரிடமும் போய்க் கைகொடுப்பது வழக்கம். தோற்ற முகத்தை மறைக்க இடமே கிடையாது. அந்த முகத்தோடு நூறு முறை மனிதர்கள் நடுவே நின்று பழகியவன், பிற்காலத்தில் வேலை போனாலும் மனைவியிடம் சொல்லாமல் மறைக்க மாட்டான் என்று நான் உறுதி கூற மாட்டேன். ஆனால் அதற்கான பயிற்சி இருபது வயதிலேயே கிடைத்திருக்கும்.

ஆண்மை என்று நாம் சொல்லிவருவதில் இரண்டு தனித்தனிப் பொருட்கள் ஒரே மூட்டையில் கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று தாங்குதல்; மற்றொன்று மறைத்தல். விரிப்பில் எதிராளி மேலே ஏறி அமுக்கிக்கொண்டிருக்கும்போது பதறாமல் மூச்சைச் சீராக்கி, விடுபடும் வழியைத் தேடுவது தாங்குதல். தோள்பட்டை விலகியிருப்பதை காயங்களைக் கவனிக்கும் அணியின் அத்லெட்டிக் ட்ரெய்னரிடம் சொல்லாமல் அடுத்த போட்டியில் இறங்குவது மறைத்தல். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டுக்கும் கைதட்டல் கிடைக்கும். அதனால்தான் இருபது வயதில் அவற்றைப் பிரித்தறிவது கடினமாகிறது.

மறைத்தல் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு ஒரு கசப்பான சான்று இருக்கிறது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு வீரர்களுக்கு மருத்துவம் பார்த்துவந்த மருத்துவர் ஒருவர், 1970களின் இறுதியிலிருந்து 1990களின் நடுப்பகுதி வரை, குறைந்தது 177 ஆண் மாணவர்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதாக 2019இல் வெளியான விசாரணை அறிக்கை கண்டறிந்தது. மல்யுத்த வீரர்கள் பலர் அவர்களுள் இருந்தார்கள். எவரையும் தூக்கி எறியக்கூடிய உடல் வலிமை பெற்றவர்கள் அவர்கள். ஆனாலும் இந்தச் செய்தி 2018 வரை பொதுவெளிக்கு வரவில்லை. அந்நாளிலேயே சிலர் முறையிட்டும் அது முறையாகக் கேட்கப்படவில்லை என்பது நிறுவனத்தின் குற்றம். மற்ற பலர் பல்லாண்டுகள் வாய் திறக்காமல் இருந்ததற்கு, பாதிக்கப்பட்டேன் என்று சொல்ல ஓர் ஆணுக்குச் சொல்லே கொடுக்கப்படாததும் ஒரு காரணம். தங்கள் மகனுக்கு அப்படி ஏதும் நேர்ந்திருப்பதாக நான் கூறவில்லை. என்றாவது சொல்லவேண்டிய ஒன்று அவனுக்கு நேர்ந்தால், காரில் அழுத இரவில் கிடைத்த பதில் அவன் நினைவில் இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

விட்டுவிடச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். உடலுக்கு ஆபத்து என்று மேலே கூறியவை நடந்தால் தடுங்கள்; மற்றபடி இது அவன் எடுக்க வேண்டிய முடிவு. 18 வயதைக் கடந்த மாணவனின் மருத்துவக் குறிப்புகளை அவன் சம்மதமின்றித் தங்களுக்குத் தர இந்நாட்டுச் சட்டம் பொதுவாக இடம் தராது. பயிற்சியாளரைத் தொலைபேசியில் அழைத்து முறையிடுவது, அறையில் அவனுக்கு மிச்சமிருக்கும் மதிப்பையும் கெடுத்துவிடக்கூடும். அவன்முன் இருக்கும் வழிகள் இரண்டு மட்டுமே என்று அவன் நினைக்கிறான்: 133க்கு இறங்கு, அல்லது ஒதுங்கு. மூன்றாவது வழியும் உண்டு. 149 பவுண்டுப் பிரிவுக்கு ஏறுவது. அவனுடைய இயல்பான எடை 152 என்றால், அந்தப் பிரிவில் அவன் பட்டினியின்றி ஆடலாம். வலுவானவர்களைச் சந்திக்க வேண்டியிருக்கும், ஆனால் வயிற்றில் உணவோடு சந்திப்பான். மேலே ஏறுவதைச் சில அறைகளில் பின்வாங்கலாகப் பேசுவதுண்டு. எனக்குத் தெரிந்த பலர் ஏறிய பிறகே தங்கள் சிறந்த பருவத்தை ஆடினார்கள். ஒரு பருவம் போட்டிகளிலிருந்து விலகிப் பயிற்சியில் மட்டும் ஈடுபடும் ரெட்ஷர்ட் வழக்கத்தையும் அவன் பயிற்சியாளரிடம் கேட்கலாம். இவற்றைத் தாங்கள் தீர்வாக எடுத்துவைக்காமல், அணியின் உணவியல் வல்லுநரிடமும் ட்ரெய்னரிடமும் அவனே கேட்டு வருமாறு சொல்லுங்கள்.

அவனோடு பேசுவது எப்படி என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நீண்ட விளக்கம் தேவையில்லை. "அன்னைக்கு கார்கிட்ட நான் சொன்னது தப்பு. நீ அழுததுல ஒண்ணும் இல்ல" என்ற இரண்டு வாக்கியம் போதும். "உன் நன்மைக்குத்தான் சொன்னேன்" என்று மூன்றாவதைச் சேர்த்துவிடாதீர்கள். அது முதலிரண்டையும் அழித்துவிடும். அவன் பதில் சொல்லாமல் தலையை மட்டும் அசைத்தால் அது போதுமானது. நேருக்கு நேர் உட்கார வைத்துப் பேசுவதைவிட, கார் ஓட்டிக்கொண்டு போகும்போது சொல்லிவிடுவது இருவருக்கும் எளிது. பருவம் நடக்கும்போது சாப்பாட்டு மேசைக்கு அவனை வற்புறுத்தி அழைப்பது அன்பின் வெளிப்பாடாக நமக்குத் தோன்றும். எடையை எண்ணிக்கொண்டிருப்பவனுக்கு அது சித்திரவதை. எப்போது எதைச் சாப்பிடலாம் என்பதை அவனிடமே கேட்டு, அதைச் செய்து வைக்கும்படி வீட்டில் சொல்லுங்கள்.

மகளைப் பற்றிச் சுருக்கமாக. 2025 ஜனவரியில் என்.சி.ஏ.ஏ. பெண்கள் மல்யுத்தத்தைத் தன்னுடைய 91ஆவது சாம்பியன்ஷிப் போட்டியாக ஏற்றுக்கொண்டது. ஆண்கள் விளையாட்டு என்று மறுத்த காரணம் இன்று செல்லுபடியாகாது. அண்ணன் படும் பாட்டைக் கண்டு பயந்து மறுத்தீர்கள் என்றால், அதை அவளிடம் அப்படியே சொல்லுங்கள். அது நேர்மையான காரணம். அவள் சேர்ந்தால் ஒரு நன்மையும் உண்டு: தாங்கும் திறனை ஒரு பெண்ணும் கற்கிறாள் என்பதைத் தினமும் காணும் வீட்டில், அதற்கு ஆண்மை என்று பெயர் வைப்பது கடினமாகிவிடும்.

கடைசியாக, போட்டியை நேரில் காண மனம் துணியவில்லை என்று எழுதியதைப் பற்றி. சங்கப் பாடல் ஒன்றில் சோழ இளவரசன் ஒருவன் ஆமூர் மல்லனோடு பொருகிறான். ஒரு கால் எதிராளியின் மார்பில், மற்றொரு கால் அவன் முதுகில். பசித்து மூங்கிலைத் தின்ன முயலும் யானையைப் போல, தலையும் காலுமாகிய இரண்டு பக்கமும் முறிய மோதுகிறான். அந்த இளவரசனுக்கும் அவன் தந்தை தித்தனுக்கும் மனவேறுபாடு இருந்தது என்பார்கள். பாடிய புலவர் தந்தையிடம் பாராட்டைக் கேட்கவில்லை. சமாதானம் செய்துகொள்ளச் சொல்லவும் இல்லை. மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, தித்தன் இதைக் காணட்டும் என்று மட்டும் சொல்கிறார். பசித்த யானை என்ற உவமையைத் தங்கள் கடிதத்தோடு சேர்த்துப் படித்தபோது, இத்தனை காலம் அந்தப் பாடலை வெற்றிப் பாட்டாக மட்டுமே படித்துவந்தேனே என்று தோன்றியது.

அவன் கல்லூரியில் அடுத்து நடக்கும் போட்டிக்குச் செல்லுங்கள். அவன் அன்று களமிறங்காமல் ஓரத்து நாற்காலியில் தன் அணிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாலும் செல்லுங்கள். சொல்லப்போனால் அப்படிப்பட்ட நாளில் செல்வதே மேலானது. வருவதாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவன் திகைத்துப்போக வேண்டாம். முன்வரிசை வேண்டாம்; அவன் பார்த்தால் தெரியும் இடத்தில் உட்காருங்கள். புள்ளிக் கணக்கு முதல் நாளிலேயே புரியாது. பக்கத்தில் இருக்கும் வேறொரு வீரனின் பெற்றோரைக் கேளுங்கள், மகிழ்ச்சியோடு சொல்லித்தருவார்கள். இடையில் அவனை யாராவது கீழே சாய்த்தால் தங்களுக்கு எழுந்துவிடத் தோன்றும், எழாதீர்கள். போட்டி முடிந்ததும் வீரர்கள் நேராகப் பெற்றோரிடம் வருவதில்லை. சிலர் உடனே உடற்பயிற்சி சைக்கிளில் ஏறி மிதிப்பார்கள், சிலர் படிக்கட்டின் கீழ் தனியாக உட்கார்ந்திருப்பார்கள், பிறகு குளித்து உடைமாற்ற வேண்டும். அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். கூட்டம் கலைந்து, விரிப்பைச் சுருட்டத் தொடங்கியிருப்பார்கள். அதுவரை காத்திருங்கள்.